கத்திரி வெயிலில் களைகட்டும் தோட்டம்

தோட்டத்துக்கு எந்த மாதம் நல்ல மாதம் என்று கேட்டால் எல்லோரும் கார்த்திகை, மார்கழி என்பார்கள். நான் சித்திரை, வைகாசி என்பேன். அதுவும் சித்தூர், திருப்பதிப் பக்கத்துச் சித்திரை, வைகாசி! "இந்த வெயிலில் புல்லே கருகுது, உனக்குத் தோட்டம் களைகட்டுதா?" என்று சிரிக்கிறவர்களை நான் விடுவதே இல்லை. கொல்லைப்புறத்துக்கு அழைத்துக்கொண்டு போய், வேப்ப மர நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் ஒரு சொம்பு மோரைக் கொடுத்து, "அரை மணி நேரம் பேசாம உட்காருங்க" என்பேன். எழுந்து போகும்போது அத்தனை பேரும் என் கட்சி.

இதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் காடு இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏற ஏறப் பூக்கிற மரங்கள்தான் இங்கே அதிகம். பூத்து, காய்த்து, விதை முற்றி விழுவதற்கும் மழை இறங்குவதற்கும் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? பறவைகளும் அதே கணக்கைத்தான் போடுகின்றன. கோடையில் கூடு கட்டி முட்டை வைத்தால், குஞ்சுகள் வாயைப் பிளக்கும் நேரத்தில் பூச்சிகள் பெருக ஆரம்பித்திருக்கும். ஆக, நாம் மின்விசிறிக்குக் கீழே சுருண்டு கிடக்கிற அதே இரண்டு மாதத்தில், சுவருக்கு வெளியே ஒவ்வொரு உயிரும் மழைக்குள் வேலையை முடித்துவிடத் துடிக்கிறது. கோடைக் கொல்லை என்பது கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு. யாருக்கும் உட்கார நேரமில்லை!

எங்கள் வீடு சித்தூரில், நீவா ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி. 1911-ல் வட ஆற்காட்டுத் தாலுகாக்களையும் கடப்பைத் தாலுகாக்களையும் சேர்த்து உண்டாக்கிய மாவட்டம் இது. தெருவில் தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். உகாதிக்கும் வேப்பம்பூ, சித்திரை வருஷப் பிறப்புக்கும் வேப்பம்பூ. ஒரே மரத்தில் இரண்டு புத்தாண்டு. அக்கா வீடு திருப்பதியில், கபில தீர்த்தத்துக்குப் போகிற பக்கம். கொல்லைச் சுவருக்கு மேலே சேஷாசலம் மலை செக்கச்செவேலென்று எழுந்து நிற்கும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. குயிலுக்கும் அணிலுக்கும் அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரவில்லை.

தண்ணீர்த் தட்டைச் சுற்றி

இந்த மொத்தக் கூத்துக்கும் மூலதனம் ஒரு மண் தட்டு. பலமநேர்ப் பக்கம் செய்கிற சுடுமண் தட்டுதான் என் தேர்வு. இரண்டு விரற்கடை ஆழம் போதும். மண் என்பதால் நீர் கசிந்து ஆவியாகித் தட்டு எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். நடுவில் நாலைந்து கூழாங்கல். மாதுளைச் செடிக்குப் பக்கத்தில், நிழலில், ஆனால் பூனை பதுங்கிப் பாய முடியாத தூரத்தில் வைத்திருக்கிறேன். தினமும் தேய்த்துக் கழுவி நீர் மாற்றினால் கொசு என்ற பேச்சுக்கே இடமில்லை. கொசு முட்டை பொரிந்து, புழுவாகி, கூடாகி, பறப்பதற்கு ஒரு வாரமாவது வேண்டுமே!

அதன்பின் நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே குண்டுகரிச்சான் பாட ஆரம்பித்துவிடும். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, ஆண்டெனாக் கம்பியின் உச்சியில் உட்கார்ந்து அது எடுக்கிற சங்கதிகள் இருக்கின்றனவே, காசு கொடுத்துக் கேட்கிற கச்சேரியில்கூட எனக்கு அந்தச் சொக்கல் வந்ததில்லை. கோடைதான் அதற்குப் பாட்டுக் காலம். மார்கழியில் எங்கே போகிறது என்று கேட்காதீர்கள். எங்கேயும் போவதில்லை, இங்கேயே வாயை மூடிக்கொண்டு இருக்கிறது!

விடிந்ததும் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து இறங்கும். கீச்சுக் கீச்சென்று ஒரே சண்டை. ஆனால் குளியலில் மட்டும் ஒழுங்கு தவறாது. இரண்டு குளிக்கும், இரண்டு பாதுகாப்புக்கு நிற்கும், மற்றவை சருகைப் புரட்டும். மஞ்சள் அலகுள்ள இந்தத் தவிட்டுக்குருவி தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற பறவை, என் வீட்டுத் தட்டில் காலை எட்டு மணிக்கு முதுகு தேய்த்துக்கொள்கிறது. பெருமையாக இருக்காதா?

மத்தியானம் இன்னும் விசேஷம். பறவைகளுக்கு வேர்வைச் சுரப்பி இல்லை. அலகைத் திறந்து, வேகவேகமாக மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாற்பது டிகிரியைத் தாண்டுகிற வெயிலில் மைனாவும் காகமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது அதனால்தான். அந்த நேரத்தில் கூழாங்கற்களின் ஓரத்தில் தேனீக்கள் வரிசையாக உட்கார்ந்து நீரை உறிஞ்சும். எல்லாம் தங்கள் தாகத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டுக்குக் கொண்டுபோய்த் துளித்துளியாகப் பூசி, சிறகால் விசிறி, மொத்தக் கூட்டையும் குளிர வைக்கின்றன. மனிதன் ஏர்கூலர் கண்டுபிடிப்பதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் வந்த ஏர்கூலர்!

காக்கை எங்கிருந்தோ ஒரு காய்ந்த சப்பாத்தித் துண்டைக் கொண்டுவந்து தட்டில் ஊறப்போட்டுவிட்டுக் காத்திருக்கும். பதமாக ஊறியதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடும். சில நாள் வல்லூறு வந்து தட்டின் நடுவிலேயே உட்கார்ந்துவிடும். அப்போது மொத்தத் தோட்டமும் கப்சிப். அது இறகை உதறிக்கொண்டு போனதும் அணில் முதல் ஆளாக எழுப்புகிற கூச்சல், அடேயப்பா!

மாமரத்துக்கு வந்தால்

சித்தூரில் மாமரத்தைப் பற்றிச் சொல்லாமல் கோடையைச் சொன்னால் ஊரே என்னைத் தள்ளிவைத்துவிடும். வைகாசியில் 'பேனீஷா' என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடுகிற பங்கனப்பள்ளி. 2017-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அது முடியும் தறுவாயில் தோத்தாபுரி, கூடவே நீலம். ஆனி பிறந்தால் சாலையெங்கும் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிற டிராக்டர்கள். ஊரே மாம்பழ வாசனையில் கிறங்கிக் கிடக்கும்.

எங்கள் கொல்லையில் நிற்பது ஒரே ஒரு தோத்தாபுரி, கிளிமூக்கு மாங்காய். அதில் எங்களுக்குக் கிடைப்பது மிச்சம்தான். முதல் பங்கு பச்சைக்கிளிக்கு, அடுத்தது அணிலுக்கு, ராத்திரி ஷிப்டு பழந்தின்னி வௌவாலுக்கு. வருத்தமா? துளியும் இல்லை. கிளி கடித்துப் போட்ட காயில் கடிபடாத பக்கத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவித் தின்று பாருங்கள். அதற்கு ஈடு கிடையாது.

அந்த மரத்தில் முசுறு எறும்புகள் கட்டியிருக்கிற வீட்டைக் காட்டாமல் நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. இலைகளின் ஓரத்தைப் பிடித்து இழுக்க ஒரு படை வரிசை கட்டி நிற்கும். இன்னொரு படை தங்கள் புழுக்களை வாயில் தூக்கிக்கொண்டு வரும். அந்தப் புழுவின் வாயிலிருந்து வருகிற பட்டு நூலால் இலையோடு இலையைச் சேர்த்து ஒட்டிவிடும். கடித்தால் உயிர் போகிற மாதிரி எரியும், உண்மைதான். ஆனால் மரத்தைத் தின்ன வருகிற பூச்சிகளை அவை ஓட ஓட விரட்டுகின்றன. சீனாவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே நாரத்தை, ஆரஞ்சுத் தோப்புகளில் இவற்றைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். என் மரத்துக்கு நான் மருந்து அடிப்பதில்லை. காவல்காரர்களுக்குச் சம்பளமும் தருவதில்லை.

குயில் கூவுவதைக் கேட்டு உருகுகிறவர்கள், அது எதற்குக் கூவுகிறது என்பதையும் கவனித்துப் பாருங்கள். இன்னும் சுவை கூடும். கூவுவது ஆண், ரத்தச் சிவப்புக் கண்ணோடு கறுத்த பறவை. பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும். அதற்குப் பாட்டு கிடையாது, கிக் கிக் என்ற கத்தல்தான். பக்கத்து வீட்டுத் தென்னையில் காகம் கூடு கட்டியதும் ஆண் குயில் வேண்டுமென்றே எதிரில் போய் நின்று காகத்தின் கோபத்தைக் கிளப்பும். காகம் துரத்திக்கொண்டு ஓட, பெண் குயில் சந்தடியில்லாமல் முட்டையை வைத்துவிடும். இந்த நாடகத்தை மொட்டைமாடியிலிருந்து பார்த்த நாளில் நான் சமையலையே மறந்துவிட்டேன்.

கறிவேப்பிலையில் ஒரு பள்ளிக்கூடம்

ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ளப் போகிறவர்கள் இலையில் காக்கை எச்சம் ஒட்டியிருக்கிறது என்று முகத்தைச் சுளிப்பார்கள். சற்றுக் குனிந்து பாருங்கள், அது நகரும்! கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அது. எச்சத்தைக் கொத்தித் தின்னப் பறவை வருமா? அந்தத் தைரியத்தில்தான் பட்டப்பகலில் இலைமேல் படுத்திருக்கிறது. வளர்ந்து பெரிதானதும் வேஷத்தை மாற்றிக்கொண்டு இலைப் பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விடும் பாருங்கள், எறும்பு எட்டடி தள்ளித்தான் நிற்கும்.

அடுத்த வியப்பு, வளர்ந்த பெண் வண்ணத்துப்பூச்சி. ஆடுதீண்டாப்பாளைக் கொடியைத் தின்று வளர்கிற சிவப்புடல் அழகியின் உடம்பில் நஞ்சு உண்டு. பறவைகள் ஒரு தடவை சுவைத்தால் மறுபடி தொடாது. நம் கறிவேப்பிலை அழகியின் உடம்பில் நஞ்சு எதுவும் கிடையாது. ஆனால் அதன் பெண்களில் சில அச்சு அசலாகச் சிவப்புடல் அழகியின் உடையையே போட்டுக்கொண்டு திரிகின்றன. பறவைகள் ஏமாந்துபோய் விட்டுவிடுகின்றன. ஒரு கறிவேப்பிலைச் செடி, ஓர் எலுமிச்சை, வேலியில் ஓர் ஆடுதீண்டாப்பாளை. இந்த மூன்றும் இருந்தால் பரிணாமப் பாடம் வீட்டு வாசலிலேயே நடக்கும். விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கவே வேண்டாம், அவர்களே கீழே வைத்துவிடுவார்கள்.

சிவப்பு அரளியில் தொங்குகிற கூட்டுப்புழுவை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சியின் கூடு அது. பளபளவென்று வெள்ளியில் முக்கி எடுத்தது போல மின்னும், உங்கள் முகமே அதில் தெரியும். முதல் தடவை பார்த்தபோது, யாரோ காதணியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் எண்ணினேன்.

ரீங்காரத்தில் காய்க்கும் கத்தரி

கத்தரிப் பூவைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஊதாப் பூவின் நடுவில் மஞ்சள் குழல்கள் கூம்பாக நிற்கும். அவற்றின் நுனியில் ஊசித்துளை. மகரந்தம் உள்ளே பூட்டிக் கிடக்கிறது. சாதாரணத் தேனீயால் அதைத் திறக்க முடியாது. வயிற்றில் நீலப்பட்டை போட்ட ஒரு தேனீ வரும். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல், நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிட்டு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சுருதி கொடுக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் உப்புக் குப்பியைக் கவிழ்த்தால் கொட்டுவது மாதிரி கொட்டும். தக்காளிக்கும் இதே வித்தைதான். வெளிநாட்டுக் கண்ணாடி வீடுகளில் தக்காளிக்கு இந்த வேலையைச் செய்யவென்றே வண்டுத்தேனீக்களைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள். எனக்கு இலவசம்! காலை ஏழு மணிக்குக் கத்தரிப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால் போதும், அன்றைக்கு முழுக்க மனம் நிறைந்திருக்கும்.

பட்டுப்போன முருங்கைக் கிளையை நான் வெட்டுவதில்லை. அதில் கருவண்டு வட்டமாகத் துளை போட்டுக் குடியிருக்கிறது. சுவர் விரிசலில் கொசுத்தேனீ மெழுகுக்குழாய் வைத்த வாசலோடு வீடு கட்டியிருக்கிறது. கொட்டாத தேனீ அது. ரோஜா இலைகளில் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி அரைவட்டம் அரைவட்டமாக வெட்டு விழுந்திருந்தால் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். இலைவெட்டித் தேனீ தன் பிள்ளைக்குத் தொட்டில் தைக்கத் துணி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

முருங்கை பூத்தால் தேன்சிட்டுக்கு வேறு நினைப்பே கிடையாது. எங்கள் வீட்டுத் துணிக்கொடிக் கம்பியின் நுனியில் பெண் தேன்சிட்டு கூடு கட்டியதை முழுக்கப் பார்த்தேன். சிலந்தி வலையைச் சேகரித்து வந்தது, கட்டும் நூல் அதுதான். நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம் எல்லாவற்றையும் வெளியே ஒட்டி, பார்த்தால் காற்றில் மாட்டிய குப்பை என்று தோன்றும்படி செய்துவிட்டது. வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம் வேறு! அடை காத்தது முழுக்கப் பெண்தான். குஞ்சு பொரிந்ததும் ஆணும் சேர்ந்துகொண்டு ஊட்டியது. அந்த நாட்களில் ஈரத்துணியை நாங்கள் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். துணி எங்கே காய்ந்தால் என்ன?

பெரிய இலையாகப் பார்த்து இரண்டு ஓரத்தையும் துளைத்து, பஞ்சையும் நூலையும் கோத்துத் தைத்துப் பைபோலச் செய்கிற தையல்சிட்டு அத்திச் செடியில். உடம்பு கட்டை விரல் அளவு, குரல் தெருக்கோடி வரைக்கும். மதில்மேல் ஓணான் ஆணுக்குச் சித்திரையில் தலையும் தொண்டையும் செக்கச்செவேல். எதிரி வந்தால் முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். கடைசியில் பெண் ஓணான் வந்து பாத்தி மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். அந்த இடத்தில் நான் குச்சி நட்டு வைத்துவிடுவேன், களைக்கொத்து படாமலிருக்க.

"மீ இண்ட்லோ அடவி பெரிகிந்தண்டி" என்று பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு அப்பாலிருந்து சிரிப்பார். வீட்டுக்குள் காடு வளர்ந்துவிட்டதாம். வேறென்ன பாராட்டு வேண்டும் எனக்கு? பாம்பு வராதா என்பார் அடுத்தபடி. சாரை வரும், எலியைப் பிடிக்கும், போகும். நல்லபாம்பும் நம் ஊர்தான். ஆகவே வாசலுக்குப் பக்கத்தில் செங்கல், விறகு குவிப்பதில்லை, இருட்டில் டார்ச் இல்லாமல் கால் வைப்பதில்லை. கீரி ஒன்று சாயங்காலம் ரோந்து வருகிறது. செம்போத்து காலையில் புதர் புதராக நுழைந்து பார்க்கிறது.

பொழுது சாய்ந்த பிறகு

கோடைத் தோட்டத்தின் பாதி அழகு ஐந்து மணிக்குப் பின்னால்தான். கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்த குண்டுமல்லி பங்குனியில் ஆரம்பித்தால் ஆனி வரைக்கும் நிற்காது. வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு மொட்டு. அந்திமந்தாரை விரியும்போதே பீர்க்கம்பூவும் மஞ்சளாக விரியும். காலையில் பூக்கிற செடிகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்திக்கு விழிக்கிற இந்தக் காய்கறிப் பூக்கள் பெரிய வியப்பு. சுரை வெள்ளை வெளேரென்று திறக்கும். புடலம்பூ நன்றாக இருட்டிய பின் விளிம்பெல்லாம் மெல்லிய நூல் நூலாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு வரும். வெள்ளி ஜரிகை என்று ஜவுளிக்கடையில் விற்கிறார்களே, இதன் கிட்டே நிற்க முடியாது. பருந்து அந்துப்பூச்சிகள் காற்றில் ஒரே இடத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சு குழலை விட்டுத் தேன் குடிக்கும். விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பந்தலுக்குக் கீழே நில்லுங்கள், காதோரத்தில் அவற்றின் சிறகுச் சத்தம் கேட்கும்.

குளியலறையில் ஈரம் தேடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற மரத்தவளையை எங்கள் வீட்டில் யாரும் விரட்டுவதில்லை. கோடை முழுக்க அதுவும் ஒரு குடித்தனக்காரர். மழை வந்தால் தானே காலி செய்துவிடும்.

மலையடிவாரத்தில் அக்கா

திருப்பதியில் வெயில் இன்னும் ஒரு பிடி அதிகம். பகலெல்லாம் சூடேறிய மலைப்பாறை ராத்திரியில் அதைத் திருப்பித் தரும். ஆனால் அந்த மலைதான் அக்கா வீட்டுக்கு வரம். 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலம் அது. செம்மரம் உலகத்தில் இயற்கையாக வளர்வது இந்தப் பக்கத்துக் கிழக்குத்தொடர்ச்சி மலைகளில் மட்டும்தான். செம்மரம் என்றாலே எல்லோருக்கும் கடத்தல் செய்திதான் நினைவுக்கு வரும். அக்கா வீட்டு மதிலோரம் ஒன்று நிற்கிறது. கோடையில் அது மஞ்சள் பூவாய்ப் பூத்து, மரம் முழுக்கத் தேனீ இரைகிற நாளில் போய் நின்றால், அந்த மரத்தின் கட்டையைப் பற்றி மட்டுமே பேசுகிற உலகத்தின்மேல் பரிதாபம் வரும்.

வெண்புருவச் சின்னானின் குமிழியிடும் பாட்டு அக்கா வீட்டில் நாள் முழுக்க உண்டு. அதன் உறவான மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியப் பாறை மலைகளுக்கே உரிய அபூர்வப் பறவை. அது வீட்டுக்கு இறங்காது, நாம்தான் மலைக்கோ ஹார்ஸ்லி மலைக்கோ போக வேண்டும். ஹார்ஸ்லிக்குக் கீழே மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. தரிசாகக் கிடந்த பள்ளத்தாக்கை மரம் வைத்தே பறவைகளுக்கு வீடாக்கிக் காட்டியவர்கள் அவர்கள். அங்கே இருந்த ரங்கசாமி என்ற ஆசிரியர் முன்னின்று, தபால் வழியாக நாடெங்கும் பறவையியல் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் முடியுமென்றால், நம் மூன்று சென்ட் கொல்லையில் முடியாதா?

அக்காவுக்கு ஒரே தலைவலி குரங்கு. மாதுளை பிஞ்சு பிடித்தாலே படை இறங்கிவிடும். நான் புலம்பினால் அவள் சிரிப்பாள். "அடியே, இந்த ஊர்ல தோட்டத்துக்குத் திருட வராதவங்க யாருடி? பெருமாளே வந்திருக்காரு!" அனந்தாழ்வான் கதையைத்தான் சொல்கிறாள். ராமானுஜர் சொன்னதற்காகத் திருமலைக்கு வந்து நந்தவனம் போட்டவர் அவர். ராத்திரியில் பூக்களைப் பறித்துக் கலைத்துப் போடுவது யாரென்று ஒளிந்திருந்து பார்த்தால், ஓர் இளம் ஜோடி. அவர் பாய்ந்து பிடிக்க, ஆண் தப்பிக் கோயிலை இடமிருந்து வலமாகச் சுற்றாமல் எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஓட்டம்! அகப்பட்ட பெண்ணை மரத்தில் கட்டிவைத்தார். விடிந்த பிறகுதான் தெரிந்தது, வந்தது வேங்கடவனும் தாயாரும். இன்றைக்கும் பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் 'பாக் சவாரி' என்று சுவாமி அதே எதிர்ச்சுற்றாக அந்தத் தோட்டத்துக்குப் புறப்படுகிறார். மலைமேல் பூக்கிற பூவெல்லாம் சுவாமிக்கே என்பதால் அங்கே பெண்கள் தலையில் பூ வைத்துக்கொள்வதில்லை. அக்கா வீட்டில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. செம்பருத்தியில் பாதி பூஜைக்கு, பாதி தேன்சிட்டுக்கு, மாதுளை மொத்தமும் குரங்குக்கு.

ரோகிணி கார்த்தெ கடந்து

வைகாசி நடுவில் ரோகிணி கார்த்தெ வரும். உரலே பிளந்துபோகும் வெயில் என்று தெலுங்குக்காரர்கள் சொல்கிற பதினைந்து நாள். அதற்கு நான் ஏற்கெனவே தயாராக இருப்பேன். எங்கள் மாவட்டம் வேர்க்கடலைக்கும் வெல்லத்துக்கும் பேர்போனது. ஆகவே மூடாக்குக்குப் பஞ்சமில்லை. கடலைத்தோலும் கரும்புச் சோகையும் அரை அடிக்குப் பாத்தியெங்கும் பரப்பிவிட்டால் மண் ஈரம் காயாது, மண்புழுவும் சாகாது. கத்தரிக்கும் தக்காளிக்கும் நடுவே பூசாத மண்பானைகளைக் கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், கசிவிலேயே வேர் குடித்துக்கொள்ளும். அரிசி, காய் கழுவிய நீர் வாழைக்கு. சாயங்காலம் மட்டும் பாய்ச்சல். இவ்வளவுதான் என் பாடு. மிச்சப் பாடெல்லாம் அவர்கள் படுவது.

பிறகு ஒரு நாள் மேற்கே இடி உருளும். முதல் மழை! அடுத்தடுத்து நடக்கிறதைச் சொல்ல எனக்கு மூச்சு போதாது. மண்ணுக்குள் வெறும் கிழங்காகக் கிடந்த பந்து லில்லி சிவப்பு உருண்டையாகத் தலைதூக்கும். மழை லில்லி ஒரே ராத்திரியில் பாதையோரம் முழுக்க இளஞ்சிவப்பு. விளக்கைச் சுற்றி ஈசல் கொட்டும். புள்ளி ஆந்தை, பல்லி, தேரை, கரிச்சான் எல்லோருக்கும் விருந்து. நம் ஆட்களும் பொறுக்கி வறுத்துப் பொரியோடு கலந்து கொறிப்பார்கள். குளியலறைத் தவளை தொட்டி விளிம்பில் சோப்பு நுரை மாதிரி கூடு கட்டி முட்டை வைக்கும். பொரிந்த தலைப்பிரட்டைகள் நேரே நீரில் விழும். ஆனியில் ஆருத்ரா கார்த்தெ பிறந்தால் ஆருத்ர புருகு, நம் பட்டுப்பூச்சி, சிவப்பு வெல்வெட்டில் செய்த பொட்டுகள் ஊர்கிற மாதிரி ஈர மண்ணில் திரியும். அறுபது வயதுக்காரர்கள்கூட உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார்கள்.

இவ்வளவுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆழமில்லாத ஒரு மண் தட்டு. கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, இடமிருந்தால் ஒரு முருங்கை. பந்தலில் பீர்க்கோ புடலோ. வெட்டாமல், கூட்டாமல், மருந்து தெளிக்காமல் விட்டுவைத்த ஒரு மூலை. அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்குப் பால்கனியில் இரண்டு தொட்டியும் தட்டும் போதும். வண்ணத்துப்பூச்சி மூன்றாவது மாடிக்குத் தாராளமாக ஏறும். மாசி முடிவதற்குள் எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள். அப்புறம் கத்திரி வெயிலில் பட்டப்பகலில் கரண்ட் போனாலும் மின்சார வாரியத்தைத் திட்டமாட்டீர்கள். கொல்லைக்குப் போய் உட்கார ஒரு சாக்குக் கிடைத்தது என்று விசிறியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள்!